சுற்றிக் கொண்டுவந்த துணி

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ள முடியுமா தம்பி? அவ்வளவுதான், போதும். மேலே வைக்க இடம் கொள்ளாது. பின்னால் டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர், நான் மாட்டேன் என்றுவிட்டேன். முகம் உங்கள் பக்கமாகவே இருக்கட்டும். பின்பக்கம் ஆணி இருக்கிறது, பேண்ட் கிழிந்துவிடும். எதுவரைக்கும் போகிறீர்கள்? விருதுநகரா? அப்படியானால் விருதுநகர் வரைக்கும் இதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியதுதான், வேறு வழியில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள்கூட என் படங்களை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கதவு இல்லை தம்பி. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். "பெரியவரே, பீரோ கதவா?" காலையில் என் சம்பந்தியம்மாவும் அதையேதான் கேட்டார். திருநெல்வேலி பக்கத்தில் கனமாக, நீள்சதுரமாக எதைப் பார்த்தாலும் கதவு என்றுதான் தோன்றும்போல. இது படம். ஒட்டுப்படம். கொலாஜ் என்பார்கள். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். அதற்கும் ஒட்டுவது என்றுதான் அர்த்தம், ஆனால் பிரெஞ்சில் சொன்னால் கலை, தமிழில் சொன்னால் பஞ்சர் கடை.

காலையில் நான் இப்படி மொட்டையாகக் கொண்டுபோகவில்லை. துணி சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மரியாதையாகத்தான் கொண்டுபோனேன். திரும்பும்போது படம் இருக்கிறது, துணி இல்லை. என் மகள் துணியை வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சரியாகத்தான் காதில் விழுந்தது உங்களுக்கு. படம் வேண்டாமாம், சுற்றிக் கொண்டுபோன கந்தல் வேண்டுமாம். உலகத்தில் எந்த ஓவியனுக்காவது இந்த மரியாதை நடந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

என் பெயர் மாசிலாமணி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பரவாயில்லை. என் பேச்சு கொஞ்சம் அச்சடித்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. மதுரையில் கீழவாசல் பக்கம் என் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் எடைக்கு வந்த புத்தகங்களில்தான். எடைக்கு வருகிற புத்தகம் முழுசாக வராது. அட்டை இருக்காது, கடைசிப் பக்கங்கள் இருக்காது. கொலை நடந்திருக்கும், கொன்றவன் யார் என்பதைக் கடலைக்காரன் மடித்துக் கொண்டுபோயிருப்பான். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், நடந்ததா என்று தெரியாது. அப்படி நான் படித்தது ஏராளம். மருத்துவம், சோதிடம், சட்டம், ரஷ்யாவிலிருந்து வந்த கதைகள், எல்லாம் முக்கால்வாசி தெரியும். முடிவு மட்டும் தெரியாது. தெரியாமலேயே பழகிவிட்டது.

அம்மா அந்தப் பேப்பரிலேயே மளிகைக்கடைக்குப் பை ஒட்டுவாள். ஒவ்வொன்றாக ஒட்டுவது என்று நினைக்காதீர்கள். தாள்களைப் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றும் விரல் அகலத்துக்கு வெளியே தெரிகிற மாதிரி அடுக்குவாள். அப்புறம் மேலிருந்து கீழே பசையை ஒரே இழுப்பு. அத்தனை விளிம்பிலும் பசை ஏறிவிடும், வேறெங்கும் ஒரு பொட்டு படாது. இதோ, இந்தத் தோள் பக்கம் பாருங்கள். படிப்படியாக இறங்குகிறதே, அது அந்த அடுக்குதான். என் பழைய படங்களில் இதே அடுக்கைப் பார்த்துவிட்டு ஒரு விமர்சகர் "தாளத்தின் காட்சி வடிவம்" என்று எழுதினார். எங்கள் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

படிப்பு முடிந்து ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தேன். கிழிந்த புத்தகத்தைத் தைத்து ஒட்டுகிற வேலை. பிற்பாடு உதவி நூலகர். அங்கேதான் இது ஆரம்பித்தது. நாட்டுப்படப் புத்தகம் ஒன்றைச் செல் அரித்துவிட்டது. கழித்துக்கட்ட வேண்டிய புத்தகம், என் மேஜைக்கு வந்தது. திறந்து பார்த்தால் ஆப்பிரிக்காவுக்கு நடுவில் ஓர் ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கத்து ஜப்பான் தெரிகிறது. அதற்கும் ஓட்டை, அதற்குள்ளே ஒரு கடல். அன்று சாப்பாட்டு மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. கரையான் ஒரு காரியம் செய்திருக்கிறது, நாம் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது. அப்போதிருந்து ஒட்டுகிறேன். கல்யாணப் பத்திரிகை, பாய்க் கோரை, மாத்திரை அட்டை, காலண்டர் தாள், உடைந்த வளையல், கொசுவலை. மேலே டீ டிகாஷனைப் பூசினால் எல்லாவற்றுக்கும் ஒரே வயசு வந்துவிடும். காய்ந்தபின் பிளேடால் அங்கங்கே சுரண்டுவேன். அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான் என் வித்தை. சுரண்டுவதுதான் கஷ்டம், ஒட்டுவது யாருக்கும் வரும்.

இல்லை, அதுவும் யாருக்கும் வராது. பசை ஒரு சாஸ்திரம் தம்பி. நூலகத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: எதை ஒட்டினாலும் நாளைக்கு வேறொருவன் பிரிக்கிற மாதிரி ஒட்டு. அதற்கு மைதாப் பசைதான் சரி. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்தால், கோபம் தணிந்த மனுஷன் மாதிரி தானே இளகி விட்டுக்கொடுக்கும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். அது விஷம். அதனால் பசைச் சட்டி சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம்.

என் மனைவி குமுதவல்லி. இதோ, உங்கள் எதிரே இருப்பது அவள்தான்.

பசை காய்ச்சுவது அவள். நான் இல்லை. நான் காய்ச்சினால் கட்டி தட்டும். பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாவின் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிற ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் இறக்க வேண்டும். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பாள், கரண்டி அதுபாட்டுக்குச் சுற்றும், சரியாக அந்த நொடியில் கை நிற்கும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "ஏங்க, கரண்டி கனக்குதுல்ல" என்பாள். அவ்வளவுதான் விளக்கம்.

கலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சென்னைக் கண்காட்சிக்கு அச்சடித்த அட்டையில் என் படங்களுக்குக் கீழே "கலப்பு ஊடகம்" என்று போட்டிருந்தார்கள். படித்துவிட்டு, "கலப்படம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள். வீட்டில் எது காணாமல் போனாலும் என் பலகையில்தான் வந்து தேடுவாள். "என் குடைக் கம்பி இங்கதான இருக்கு? இருக்கட்டும், இருக்கட்டும். மழை வந்தா உங்க படத்தத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டுப் போறேன்." ஒரு நாள் அவளுடைய பழைய மூக்குக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து ஒட்டிவிட்டேன். பார்த்தாள். "நாளைக்கு என்னையும் ஒட்டிருவீங்க" என்றாள்.

ஒட்டிவிட்டேன்.

கயத்தாறா? ஆமாம், கயத்தாறுதான். பஸ் நிற்காது, உட்காருங்கள்.

போன தையில் படுத்தாள், பங்குனியில் போய்விட்டாள். வான்மதி, என் மகள், ஒரே மகள், பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது, வந்து காரியம் முடிகிற வரைக்கும் இருந்தாள். பீரோவைத் திறந்து அம்மாவின் சேலைகளை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பட்டு இரண்டும் கல்யாணத்திலேயே அவளுக்குப் போய்விட்டது. இருந்தது எல்லாம் நூல் சேலைகள். எடுத்துக்கொள் என்றேன். "இருக்கட்டும்ப்பா, இங்கயே இருந்தாத்தான் இந்த வீடு வீடா இருக்கும்" என்றாள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா?

அவள் ஊருக்குப் போனபின் நான் வேலையைத் தொடங்கினேன். மற்ற படங்கள் எல்லாம் ஒத்திகை, இதற்காகத்தான் இத்தனை வருஷம் கை பழகியது என்று தோன்றியது. குமுதவல்லியைக் குமுதவல்லியின் சேலைகளாலேயே செய்வது. வரைவது இல்லை, செய்வது. ஒவ்வொரு சேலையையும் நீளவாக்கில் கிழித்து, நாடாவாக்கி, பசையில் தோய்த்து, அடுக்கு அடுக்காக ஏற்றினேன். அதனால்தான் இந்தக் கனம். தொட்டுப் பாருங்கள், சும்மா தொடுங்கள். மலைத்தொடர் மாதிரி இருக்கிறது இல்லையா? இந்தப் பச்சை, வான்மதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று உடுத்தியது. இந்தச் செங்கல் நிறம் நாங்கள் குற்றாலம் போனபோது வாங்கியது, முதல் துவைப்பிலேயே சாயம் போய் என் வேட்டியெல்லாம் ரோஸ். இந்தக் கட்டம் ஆஸ்பத்திரியில். ஒரு நூல்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் அந்த அளவுக்கு அவளை வெளியே விட்டதாகிவிடும் இல்லையா? அது நேர்மை இல்லை.

பசைதான் பிரச்சினை. நானே காய்ச்சினேன். கட்டி தட்டியது. மறுபடி காய்ச்சினேன், தீய்ந்தது. கரண்டி கனக்கிறதா என்று பார்த்தேன், எனக்கு எப்போதுமே கனத்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்குப் போய்த் தச்சர்கள் வாங்குகிற பசையை டப்பா டப்பாவாக வாங்கி வந்தேன். நல்ல பசை. தண்ணீருக்கும் அசையாது. மேலே மூன்று கை வார்னிஷ். நூலகத்துச் சட்டத்தை மீறியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், குமுதாவைப் பிரிக்கப்போகிறவன் யார்? பிரிக்கவே கூடாத ஒன்றுக்குப் பிரிக்க முடியாத பசைதானே பொருத்தம்?

முடிந்ததும் சென்னையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். கண்காட்சியின் நடுச்சுவரே உங்களுக்குத்தான் என்றார். நான் கொடுக்கவில்லை. இது என் மகளுக்கு என்று சொல்லிவிட்டேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் வான்மதி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. ரொம்ப வருஷமாகப் பார்க்காத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. குமுதா இருந்தபோது நடந்திருக்க வேண்டியது. சரி. தலைப்பிரசவத்துக்கு மதுரைக்கு வா என்று கூப்பிட்டேன். "அங்க எங்கப்பா படுக்கிறது? கட்டில் மேலயும் பலகைதான காயுது" என்றாள். பலகையைச் சாத்தி வைக்க எத்தனை நேரம் ஆகும்? வரவில்லை. மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். பெண் குழந்தை. போனில் அழும் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

அப்போது கேட்டாள்: "அப்பா, அம்மா சேலையெல்லாம் பத்திரமா இருக்கா?"

"பத்திரமாக இருக்கிறதம்மா. இனிமேல் அதற்கு அழிவே கிடையாது" என்றேன்.

சிரித்தாள். நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன் என்பதால் சிரித்தாள். "தொட்டில் கட்டுற அன்னிக்கு எடுத்துட்டு வந்துருங்க. அத்தைகிட்ட சொல்லிட்டேன், அம்மா சேலைலதான் போடுவேன்னு. அதுவரைக்கும் பாய்லயே கிடக்கட்டும்."

நான் என்ன புரிந்துகொள்வேன்? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழகின நூல் சேலையில்தான் தொட்டில் கட்டுவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சேலை என்பது ஒரு பேச்சுக்குத்தானே? தொட்டில் கட்டுகிற அன்று அம்மா அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள், அதுதானே உட்பொருள்? தொட்டிலில் கட்டினால் சேலை எத்தனை நாள் தாங்கும்? பிள்ளை மூத்திரம் போய், துவைத்துத் துவைத்து, ஒரு வருஷத்தில் கரித்துணி. நான் கொண்டுபோனது பேத்திக்குப் பேத்தி பிறந்தாலும் சுவரில் நிற்கும். எது பெரிது?

கோவில்பட்டி. கடலை மிட்டாய் வாங்குகிறீர்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். புறப்படும்போது வான்மதி கட்டிக்கொடுத்த இட்லியே பையில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு சுங்குடி. எங்கள் ஊர் சுங்குடி தெரியும் இல்லையா, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். அதற்கு ஒரு காலத்தில் மாம்பழ நிறம். நிறம் போய்ப் புள்ளிகளும் போய்விட்டன. வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே இருந்தன என்று மட்டும் தெரியும். பசை காய்ச்சும்போது அவள் உடுத்துகிற சேலை. பிறகு ஒரு தடவை என் பலகை ஒன்றில் கீறல் விழுந்தது என்று நான் சத்தம் போட்டபோது, துவைத்து மடித்துக் கொண்டுவந்து, "இதைச் சுத்தி வச்சுக்கங்க, மெத்துனு இருக்கும்" என்று கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து படங்கள் வெளியூர் போனால் அதில் சுற்றித்தான் போகும். படம் வெளியே போகாத நாளில் மத்தியானம் அவளே அதை விரித்துப் படுத்துக்கொள்வாள். கடைசிக் கண்காட்சி முடிந்து வந்தபோது அவள்தான் உதறி மடித்து வைத்தாள். அந்த மடிப்பை இன்றைக்குக் காலையில்தான் நான் பிரித்தேன்.

படத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று பார்க்கிறீர்கள். நிறம் இல்லையே தம்பி. புள்ளி போன சுங்குடியை வைத்து என்ன செய்ய? கலைஞன் என்றால் கழிக்கவும் தெரிய வேண்டும். தவிர, அது சேலைக் கணக்கிலேயே இல்லை. பீரோவில் இல்லை, என் பலகைகளோடுதான் கிடந்தது.

சரி. காலையில் போய் இறங்கினேன். ஆட்டோக்காரர்கள் ஒருவரும் ஏற்றமாட்டேன் என்றார்கள், கடைசியில் குட்டியானை லோடு வண்டி வைத்திருந்த ஒரு புண்ணியவான் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். வீடு நிறைய ஆட்கள். நடுக்கூடத்தில் விட்டத்துக் கொக்கியில் கயிறு தயாராகத் தொங்குகிறது. கீழே பாயில் குழந்தை. சம்பந்தியம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி" என்றவர் இதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "பிள்ளைக்கித் தொட்டிலு கட்டச் சேலை கொண்டாருவியன்னு பாத்தா, கதவக் கழத்திக் கொண்டாந்திருக்கிய?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கட்டும், திறந்ததும் பார்க்கிறேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். சுவரில் சாத்தி, கயிற்றை அவிழ்த்து, துணியை ஒரே இழுப்பில் உருவினேன்.

சம்பந்தியம்மா பலகைக்குப் பின்பக்கமும் எட்டிப் பார்த்தார்.

நானே பேசினேன். இது இன்ன சேலை, இது இன்ன சேலை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன். சம்பந்தியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். வான்மதி பிள்ளை பெற்ற உடம்போடு எழுந்து வந்தாள். கிட்டே வந்து, இந்தப் பச்சை மேல் கை வைத்தாள். நகத்தால் தட்டிப் பார்த்தாள். டக் டக் என்று சத்தம் வந்தது.

"சேலை எங்கப்பா?"

"இதுதாம்மா. எல்லாமே இருக்கிறது."

"எல்லாத்தையுமா?"

"ஒரு நூல்கூட விடவில்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அதிலென்ன?

மருமகன் இசக்கிமுத்து நல்ல பிள்ளை. எதையும் ரிப்பேர் செய்துவிடலாம் என்று நம்புகிற ரகம். "மாமா, தண்ணில ஊறப் போட்டா வந்துராதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வான்மதி அடுப்படிக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்துவிட்டாள். துண்டை நனைத்து இதோ இந்த மூலையில், கீழே, போர்த்தினாள். சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். நான் எதையாவது தப்பாக ஒட்டிவிட்டால் அவள் அம்மா அப்படித்தான் செய்வாள். போர்த்திவிட்டு, கையை மேலே வைத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருப்பாள். வான்மதியும் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதே மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

அப்புறம் துண்டை எடுத்துவிட்டு ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. மறுபடி நனைத்தாள். தேய்த்தாள். இங்கே பாருங்கள், வார்னிஷ் மங்கியிருக்கிறது பாருங்கள், அவள் தேய்த்ததுதான்.

"வராதும்மா" என்றேன்.

"அம்மா பசைன்னா வரும்" என்றாள்.

"இது அம்மா பசை இல்லை" என்றேன். "கடைப் பசை."

நான் பசையைப் பற்றி ஒரு தகவல் சொன்னேன். அதற்கு ஏன் அப்படி அழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பலகைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பச்சை உடம்புக்காரி அப்படி அழலாமா? கீழே கிடந்த துணியை, நான் உருவிப் போட்டேனே, அதைக் கைக்கு அகப்பட்டது என்று எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்தவள் எடுக்கவில்லை. முகத்தை அதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். அழுகை நின்றுவிட்டது.

"அப்பா, இது?"

"அது சும்மா, சுற்றிக் கொண்டுவந்தது. கந்தல்."

அவள் எழுந்து நின்று துணியை விரித்தாள். முழுச் சேலை. எங்கேயும் கிழியவில்லை, அதுகூட எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்பந்தியம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "நனைச்சுக் காயப் போட்டுக் கட்டுவோமாட்டி?" என்றார். "வேணாம் அத்தை. இப்படியே கட்டுவோம்" என்றாள். இரண்டு பேருமாகக் கயிற்றில் முடிந்தார்கள். இசக்கிமுத்து தொங்கிப் பார்க்கிற மாதிரி கையால் இழுத்துப் பார்த்தார். குழந்தையை உள்ளே விட்டார்கள். அது ஒரு தடவை நெளிந்தது. தூங்கிவிட்டது.

எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் தம்பி. தொட்டிலைச் சுற்றிக் கூட்டம், குலவை, பாட்டு, சர்க்கரை. என் படம் சுவரில் சாய்ந்து நிற்கிறது, ஒரு ஆள் இல்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது எந்த ஊரு மேப்பு?" என்று கேட்டாள். ஒரு வகையில் நல்ல கேள்வி.

சாப்பாடு ஆனதும் வான்மதி வந்தாள். "படம் இங்க வேணாம்ப்பா. என்னால பாக்க முடியாது. நீங்க எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள். அப்புறம், அதே மூச்சில், "இல்ல, படத்த அனுப்பிருவோம். நீங்க இருங்க. கொஞ்ச நாள் இங்கயே இருங்கப்பா. அங்க தனியாப் போய் என்ன செய்யப்போறீங்க?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

படத்தை வேண்டாம் என்பாளாம், என்னை இருக்கச் சொல்வாளாம். இது என்ன நியாயம்? நடுச்சுவரை விட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். படத்துக்கு இடமில்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் இலக்கணமாகவே சொன்னேன். இசக்கிமுத்து படத்தைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்.

சாத்தூர் தாண்டிவிட்டதா? வெள்ளரிக்காய்க் கூடைகளைக் காணவில்லையே. அப்படியானால் தாண்டிவிட்டது. அடுத்தது நீங்கள் இறங்குகிற இடம்.

ஒன்று விட்டுவிட்டேன். புறப்படும்போது, பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்க அண்ணாச்சி என்றார் சம்பந்தியம்மா. போய்த் தொட்டிலின் விளிம்பை விலக்கிக் குனிந்தேன். குழந்தை யார் ஜாடை என்று பார்க்கத்தான் குனிந்தேன். பார்க்கவில்லை. தேங்காய் எண்ணெயும் வெந்த மாவும். மத்தியானம் பின்கட்டுப் பக்கம் போனால் வருமே, அந்த வாசம். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், குனிந்த இடத்தில், யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி. நான் நிமிர்ந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையில் பஸ்ஸுக்கு என்ன நேரம், அரைமணிக்கு ஒன்று இருக்கிறது.

எனக்கு ஜலதோஷம் தம்பி. காலையிலிருந்து மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது பாருங்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கொஞ்சம் முகத்தை இதன் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கே இல்லை, கீழே, அவள் தேய்த்தாளே, அந்த மூலையில். வார்னிஷ் போன இடத்தில் ஏதாவது வந்தாலும் வரும். இன்னும் கிட்டே. மூச்சை இழுத்து. அவசரமில்லை, பஸ் நிற்க நேரம் இருக்கிறது.

வார்னிஷ்தானா?

சரி. அதுதான், நல்ல வார்னிஷ். மூன்று கை.

விருதுநகர் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்து, பார்த்து இறங்குங்கள் தம்பி. பின்பக்கம் ஆணி இருக்கிறது.